பிள்ளையிடம் எப்போது சொல்வது?



பிள்ளைகளுக்கு நாம் எத்தனையோ செய்திகளைச் சொல்லிக் கொடுக்கிறோம். எழுத்தையும் எண்ணையும் சொல்லிக் கொடுக்கிறோம். சாலையை எப்படிக் கடப்பது, பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் பிள்ளையின் சொந்த உடம்பைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சில பெற்றோர்களுக்கு நா எழுவதில்லை. எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்து வளரும் ஒரு பிள்ளையிடம், "உனக்கு இந்தத் தொற்று இருக்கிறது" என்பதை எப்போது சொல்வது, யார் சொல்வது, எப்படிச் சொல்வது? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள்.

மருத்துவர்கள் பேச வேண்டிய பொருளைத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் ஏன் பேச வருகிறோம் என்று நேயர்கள் கேட்கலாம். பட்டர்வொர்த்தைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்கள் பல தொழிற்பேட்டைகளாகவும் அடுக்குமாடி வீடுகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் எங்கள் பள்ளிகளில் பல, தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பழைய பெயரோடுதான் நிற்கின்றன. ஏழு வயதில் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை, பன்னிரண்டு வயதில் ஆறாம் ஆண்டை முடித்துக்கொண்டு எங்கள் கையை விட்டுப் போகிறது. அதன்பின் பெரிய பள்ளி, புதிய நண்பர்கள், கையில் கைபேசி. உலகச் சுகாதார நிறுவனம் இந்தச் செய்தியைச் சொல்லி முடிக்க வேண்டிய காலம் என்று எதைக் குறிக்கிறதோ, அது பெரும்பாலும் பிள்ளை தமிழ்ப்பள்ளியில் இருக்கும் இந்த ஆறு ஆண்டுகள்தாம். ஆகையால் இது எங்களுக்கும் உரிய பொருளாகிறது.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். எச்.ஐ.வி. என்பது நம் உடம்பின் காவற்படையாகிய வெள்ளணுக்களில் ஒரு வகையைத் தேடிப் பிடித்து அழிக்கும் நச்சுயிரி. மருந்தின்றி விட்டுவிட்டால், சில ஆண்டுகளில் காவற்படை குன்றிப் பலவகை நோய்கள் உடம்பைப் பற்றிக்கொள்ளும். அந்த முற்றிய நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். கிருமி உடம்பில் இருப்பதும் எய்ட்ஸ் வந்துவிடுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் பெரியவர்களே அறியாமல் பேசுவதால்தான் பிள்ளைகள் அஞ்சி நடுங்குகிறார்கள்.

நம் நாட்டில் இந்தத் தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. 1990களில் போதை ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதே இங்கு தொற்றுப் பரவப் பெரிய காரணமாக இருந்தது. ஊசியால் தொற்றுப் பெற்ற கணவனிடமிருந்து ஒன்றும் அறியாத மனைவிக்கும், அவள் வயிற்றில் வளரும் குழந்தைக்கும் அது சென்றது. தடுப்பு முறை எதுவும் இல்லையென்றால், தொற்றுடைய தாய்மார் நூறு பேருக்குப் பிறக்கும் குழந்தைகளில் 15 முதல் 45 பேர் வரை கருவிலோ பிறப்பின்போதோ தாய்ப்பாலினாலோ கிருமியைப் பெறக்கூடும். 1994ஆம் ஆண்டில் ஒரு பெரிய நன்மை விளைந்தது. கருவுற்ற தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் இந்த ஆபத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கலாம் என்று ஓர் ஆய்வு காட்டியது. 1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்து நோயின் போக்கையே மாற்றியது. மலேசியாவின் அரசு சுகாதார நிலையங்களில் 1998ஆம் ஆண்டு முதல் கருவுற்ற தாய்மார்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்டு வருகிறது. அதன் பயனாக 2018ஆம் ஆண்டில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் மேகப்புண் நோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு நம் நாடே.

அப்படியானால் இந்தப் பேச்சுக்கு என்ன தேவை? ஒழிப்பு என்றால் ஒரு குழந்தைகூட இல்லை என்பது பொருளன்று. மிகமிகக் குறைந்துவிட்டது என்பதே பொருள். பரிசோதனைக்கே வராத தாய் இருக்கலாம். பரிசோதனை முடிந்தபின் தொற்றுப் பெற்ற தாய் இருக்கலாம். வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பமும் இருக்கலாம். உலகம் முழுவதும் கணக்கிட்டால், 2023ஆம் ஆண்டில் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 14 இலட்சம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். முன்பு இவர்களில் பலர் பள்ளி வயதைக் காண்பதே அரிது. மருந்து கிடைத்தவர்கள் இன்று வளர்ந்து வாலிபர்களாகிறார்கள். அவர்கள் வளர வளர நாம் முன்பு சொன்ன கேள்வியும் வளர்கிறது.

பெற்றோர் ஏன் மறைக்கிறார்கள்? அவர்களைக் குறை கூறுவதற்குமுன் அவர்கள் அச்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் அச்சம், பிள்ளையின் மனம் உடைந்துவிடுமே என்பது. இரண்டாவது, பிள்ளை வெளியே சொல்லிவிடுமே என்பது. அக்கம்பக்கம் அறிந்தால் வாடகை வீடு போய்விடும், தங்கைக்கு வரன் அமையாது, பள்ளியில் ஒதுக்கிவிடுவார்கள் என்று தாய் நினைக்கிறாள். இது வெறும் கற்பனையும் அன்று. 2003ஆம் ஆண்டில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், பெற்றோரை இழந்த உடன்பிறந்தோர் இருவர் இந்தத் தொற்றின் பொருட்டுப் பள்ளியிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். அப்போது இந்திய நடுவண் சுகாதார அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் நேரில் சென்று அந்தப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டது நாடெங்கும் செய்தியாயிற்று. தொட்டால் ஒட்டாது என்பதைக் காட்ட ஓர் அமைச்சரே வர வேண்டியிருந்தது!

மூன்றாவது அச்சந்தான் எல்லாவற்றினும் ஆழமானது. "எனக்கு எப்படி அம்மா வந்தது?" என்று பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வது? கணவனின் கதையைச் சொல்வதா? இறந்துபோன மகனைப் பற்றிப் பேரனிடம் சொல்வதா? தாய் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டு வாயடைத்துப் போகிறாள். பிள்ளையைக் காப்பதற்காக மறைக்கிறோம் என்று சொல்லும் பல வீடுகளில், உண்மையில் காக்கப்படுவது பெரியவர்களின் நெஞ்சுதான் என்பதை நாம் அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நன்மை தரும் பொய்யை வள்ளுவரே வாய்மையின் இடத்தில் வைத்தாரே என்று சிலர் வாதாடலாம். அவர் அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார். அந்த நன்மை குற்றமற்றதாய் இருக்க வேண்டும் என்பது அது. இந்தப் பொய் அந்த நிபந்தனையைத் தாங்குகிறதா என்று பார்ப்போம்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு, "இது சத்து மாத்திரை" என்று சொல்லலாம், நம்பும். எட்டு வயதில், "தம்பிக்கு ஏன் இந்தச் சத்து மாத்திரை இல்லை?" என்று கேட்கும். பத்து வயதில் மருந்துப் புட்டியின் மேலுள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கும். பன்னிரண்டு வயதில் அந்தப் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்க்கும். அக்கரைக்குச் சென்று பெரிய மருத்துவமனையில் எந்தப் பிரிவின் வாசலில் அமர்ந்திருக்கிறோம் என்பதைப் பலகையில் படிக்கும். தாதியும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கவனிக்கும். தான் உள்ளே வந்ததும் பேச்சு மாறுவதைக் கவனிக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? பிள்ளை பாதி தெரிந்துகொண்டுவிடும். ஆனால் தெரியும் என்று காட்டிக்கொள்ளாது. "இதைப் பற்றி இந்த வீட்டில் பேசக்கூடாது போலிருக்கிறது, அவ்வளவு கேவலமான ஒன்று என் உடம்பில் இருக்கிறது" என்று தானாகவே முடிவு செய்துகொள்ளும். பெற்றோர் பிள்ளைக்காக மறைக்க, பிள்ளை பெற்றோருக்காக மறைக்க, ஒரே கூரையின்கீழ் இரு தரப்பாரும் தனித்தனியே துன்பப்படுவார்கள்.

இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் நலக்கல்விப் பாடத்தில் எச்.ஐ.வி. வருகிறது. நாற்பது மாணவர் நடுவே, எவ்வாறு பரவுகிறது என்று ஆசிரியர் பட்டியலிடுகிறார். பின்வரிசையிலிருந்து யாரோ கேலி பேசுகிறார்கள். தன் மாத்திரையின் பெயரை முந்தின நாள் இரவு தேடிப் பார்த்த ஒரு பையன் அந்த வகுப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவனுக்கு அந்தச் செய்தியை முதன்முதலில் சொன்னவர் யார்? தாயல்ல, மருத்துவரல்ல, கேலி பேசிய பின்வரிசை மாணவன்.

மருந்தின் கதையையும் பார்க்க வேண்டும். இந்தச் சிகிச்சை நாள்தோறும் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. அடிக்கடி தவறவிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிப் பணிய மறுக்கும். பின் அந்த மருந்து பயன்படாது போகும். சிறு வயதில் தாய் வாயில் ஊட்டிவிடுகிறாள். பதினான்கு வயதுப் பையனுக்கு யார் ஊட்டுவது? "எனக்கு ஒன்றும் இல்லையே, ஏன் தினமும் விழுங்க வேண்டும்?" என்று அவன் கேட்பது நியாயந்தானே? காரணம் தெரியாத கட்டளையை வாலிபப் பருவம் ஏற்பதில்லை. மாத்திரை மெத்தைக்கு அடியிலும் சாக்கடையிலும் போய்ச் சேரும். ஆகவே மறைப்பதனால் வரும் நன்மை குற்றமற்ற நன்மையாக இல்லை. பிள்ளையின் உயிரையே அது விலையாகக் கேட்கக்கூடும்.

செய்தி உரிய காலத்தில் உரியவரிடம் சேராவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு துயர நிகழ்ச்சி சான்றாக இருக்கிறது. 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது பின்னர்த் தெரிந்தது. இரத்தம் கொடுத்தவர் 19 வயது இளைஞர். அவர் 2016ஆம் ஆண்டிலேயே ஒருமுறை இரத்த தானம் செய்திருக்கிறார். அப்போதே தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி அவரிடம் சேரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்தபோதுதான் அவருக்குத் தெரியவந்தது. தெரிந்தவுடன் அந்த இளைஞர் செய்த காரியத்தை நாம் மறக்கலாகாது. தம் இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிட வேண்டாம் என்று அவரே மருத்துவமனைக்குத் தெரிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மனவேதனையைத் தாங்க இயலாமல் அவர் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று, அந்த டிசம்பர் 30ஆம் நாள் இறந்தார். 2019 ஜனவரியில் அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குப் பின்னர் செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

அந்த இளைஞர் பிறவியிலேயே தொற்றுப் பெற்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவர் நிலை வேறு. ஆனால் இரண்டு பாடங்கள் நமக்குக் கிடைக்கின்றன. இளைஞர்களுக்கு உண்மை தெரிந்தால் பொறுப்பில்லாமல் திரிவார்கள் என்று எண்ணுகிறோமே, அது தவறு. உண்மை தெரிந்த அந்தக் கணமே அவர் பிறரைக் காக்க நினைத்தார். மற்றொரு பாடம், அந்தச் செய்தி தாளில் அச்சடித்த ஒரு சொல்லாகத் தனிமையில் வந்து விழக்கூடாது என்பது. அருகில் அமர்ந்து, 'இதற்கு மருந்து இருக்கிறது, நீ வாழ்வாய்' என்று சொல்லும் ஒரு குரலோடு அது வர வேண்டும்.

இனி அறிஞர்கள் சொல்வதைக் காண்போம். 1999ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் அவர்களின் தொற்று நிலையைச் சொல்லுமாறு ஊக்கப்படுத்தியது; வாலிபப் பருவத்தினர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. 2011ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் சொல்வது பற்றித் தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். அதனினும் சிறிய பிள்ளைகளுக்கு அவர்களின் அறிவுக்கும் மன வளர்ச்சிக்கும் ஏற்பச் சிறிது சிறிதாகச் சொல்லி ஆயத்தப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். நம் அண்டை நாடான தாய்லாந்தில், பாங்காக் நகரின் சிரிராஜ் மருத்துவமனையும் சிரிகிட் அரசியார் தேசியக் குழந்தைநல நிலையமும் சேர்ந்து, குடும்பத்தை ஆயத்தம் செய்வது, சொல்வது, சொன்னபின் தொடர்ந்து கவனிப்பது என்று படிப்படியான முறை ஒன்றை வகுத்துச் செயற்படுத்தின. ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில், வெள்ளணுக்களைப் படைவீரர்களாகவும் கிருமியை எதிரியாகவும் காட்டும் படப் புத்தகத்தைக் கொண்டு தாதியரும் பெற்றோரும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். குழந்தைகளின் எச்.ஐ.வி. சிகிச்சையை ஆராய ஆசிய நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து அமைத்த டிரீட் ஏசியா கூட்டமைப்பில் நம் பினாங்கு மருத்துவமனையும் இடம்பெற்றிருந்தது. ஆகவே உதவி கேட்கக் கடல் கடந்து வெகு தொலைவு போக வேண்டியதில்லை.

இவற்றிலிருந்து நாம் அறிவது, சொல்வது ஒரு நாள் காரியம் அன்று என்பதே. ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது புதிய முறையும் அன்று. முதலாம் ஆண்டில் பத்துக்குள் கூட்டலைச் சொல்லிக்கொடுத்தவர்தாம் ஆறாம் ஆண்டில் பின்னத்துக்கு வருகிறார். முதலில் சொன்னது பின்னால் சொல்வதற்கு முரணாகக்கூடாது, அவ்வளவுதான். சத்து மாத்திரை என்று முதலில் சொன்னால், பின்னொரு நாள் அதை அழிக்க வேண்டியிருக்கும். எழுதியதை அழிப்பது புதிதாக எழுதுவதைவிடக் கடினம்.

ஐந்து ஆறு வயதில், "உன் இரத்தத்தில் ஒரு சின்னக் கிருமி இருக்கிறது. இந்த மருந்து அதைத் தூங்க வைக்கிறது" என்றால் போதும். இதில் பொய் ஏதுமில்லை. ஏழு எட்டு வயதில், "உன் உடம்பில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். கிருமி விழித்துக்கொண்டால் அவர்களைத் தாக்கும். மருந்தை ஒருநாள் விட்டாலும் அது கண் விழிக்கப் பார்க்கும்" என்று சேர்க்கலாம். ஒன்பது பத்து வயதில், இரத்தம் எதற்கு எடுக்கிறார்கள், மருத்துவர் சொல்லும் எண் எதைக் குறிக்கிறது என்று விளக்கலாம். காவல்காரர்களின் எண்ணிக்கை கூடினால் மகிழலாம் என்று பிள்ளைக்குத் தெரியட்டும். பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குள், பிள்ளையின் பக்குவம் பார்த்து, அந்தக் கிருமியின் பெயர் எச்.ஐ.வி. என்று சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் புதியதாக இருக்க வேண்டியது பெயர் ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்கு முன்பே தெரிந்திருக்கும். தமிழ்ப்பள்ளியை விட்டுப் பிள்ளை வெளியே போகுமுன் இந்தப் பாடம் முடிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நல்லது.

யார் சொல்வது? பிள்ளை யாரை மிகவும் நம்புகிறதோ அவர் சொல்ல வேண்டும். தாயாகவோ தந்தையாகவோ இருக்கலாம். பெற்றோர் இல்லாத வீட்டில் பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம். தனியே சொல்ல மனம் துணியாவிட்டால், மருத்துவரையோ தாதியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எங்கே சொல்வது? தேர்வுக்கு முந்தின நாள் வேண்டாம். தீபாவளிக் கூட்டத்தில் வேண்டாம். கோபத்தில், "உனக்கு இருக்கிற நோய்க்கு நீ மாத்திரையைக்கூடப் போடமாட்டாயா?" என்று சொல்லவே வேண்டாம். பள்ளி விடுமுறையின் தொடக்கத்தில், அவசரமில்லாத ஒரு நாளில், பிள்ளை அழுதால் அழ இடமிருக்கும் ஓர் இடத்தில் சொல்லலாம். முதலில், "உனக்கு இதைப் பற்றி என்ன தெரியும் கண்ணு?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். மீதியைச் சொல்லுங்கள்.

பிறகு கேள்விகள் வரும். அன்றே வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம்.

"நான் செத்துப்போவேனா?" என்பது பெரும்பாலும் முதற்கேள்வி. நாள் தவறாமல் மருந்து எடுத்துக்கொண்டால் மற்றவர்களைப் போலவே படித்து, வேலை செய்து, முதுமை வரை வாழலாம் என்பதே இன்றைய மருத்துவம் தரும் பதில். குணப்படுத்தி அகற்றும் மருந்து எல்லாருக்கும் கிடைக்கும் நிலை வரவில்லை. அடக்கி வைக்கும் மருந்து இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"எனக்கு எப்படி வந்தது?" இங்கே நீண்ட கதை வேண்டாம். "அம்மாவின் உடம்பில் இருந்தது. நீ பிறக்கும்போது உனக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது தடுக்கும் காலம் கடந்துவிட்டது" என்பது போல, உள்ளதை உள்ளபடி சொல்லலாம். பூர்வ ஜென்மப் பாவம், தெய்வக் குற்றம் என்ற பேச்சு மட்டும் கூடாது. தகப்பனார் போதை ஊசியால் தொற்றுப் பெற்றவராக இருந்தாலும், பிள்ளையின் எதிரில் அவரை இழித்துப் பேச வேண்டியதில்லை. இறந்தவர்களைப் பற்றிப் பாட்டிமார் பேசும்போது, "உன் அப்பா காலத்தில் இந்த மருந்து எல்லாருக்கும் கிடைக்கவில்லை. உனக்குக் கிடைக்கிறது" என்று சொன்னால், உண்மையும் நிலைக்கும், பிள்ளைக்குத் தகப்பன்மேல் உள்ள பாசமும் நிலைக்கும்.

"தங்கச்சிக்கு ஏன் இல்லை?" என்றும் கேட்கும். அதற்குள் அம்மாவுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்பதைச் சொல்லலாம்.

"நான் கல்யாணம் செய்துகொள்ளலாமா?" வாலிபப் பருவத்தின் இந்தக் கேள்வியைச் சிரித்து மழுப்பலாகாது. மருந்தினால் இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அந்த நிலையிலேயே நீடித்தால், உடலுறவின் வழியே அது மற்றவருக்குப் பரவாது என்பதை 2011 முதல் 2019 வரை வெளிவந்த பெரிய ஆய்வுகள் நிலைநாட்டியுள்ளன. தொற்றில்லாத குழந்தையைப் பெறவும் முடியும். மணந்துகொள்ளப் போகிறவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற கடமையையும் இதனோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். தன்னிடம் உண்மை பேசிய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது கடினமாக இராது.

"நான் யாரிடம் சொல்லலாம்?" இந்தக் கேள்வியில் பெற்றோர் தடுமாறுகிறார்கள். "யாரிடமும் சொல்லாதே, சொன்னால் தொலைந்தாய்" என்றால், பழைய அச்சத்தைப் புதிய பூட்டுப் போட்டுப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டதாக ஆகும். வெட்கப்பட்டு ஒளிப்பது வேறு. நம் சொந்தச் செய்தியை நம்மிடம் வைத்துக்கொள்வது வேறு. நம் வீட்டு வருமானத்தைத் தெருவில் சொல்வதில்லை. அது கேவலம் என்பதால் அன்று, அது நம்முடையது என்பதால். "இது உன்னுடைய செய்தி. யாரிடம் சொல்வது என்று நாம் சேர்ந்து யோசிப்போம். ஒருமுறை சொன்னால் திரும்பப் பெற முடியாது, அதனால் மெதுவாக முடிவு செய்வோம்" என்று சொல்லலாம். மருத்துவரையும் வீட்டில் இன்னொருவரையும் மனம்விட்டுப் பேசக்கூடியவர்களாகக் காட்டிக் கொடுக்க வேண்டும். பேச ஒருவருமில்லாத இரகசியம் பிள்ளைக்குப் பாரம்.

சொன்னபின் என்ன நடக்கும்? சில பிள்ளைகள் அழுவார்கள். சில பிள்ளைகள், "சரி" என்று சொல்லிவிட்டுப் பந்து விளையாடப் போவார்கள். அதைக் கண்டு பிரச்சினை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். சில வாரங்கள் கழித்துக் கோபமும், மருந்தின்மேல் வெறுப்பும், பள்ளிப் பாடத்தில் தளர்ச்சியும் வரலாம். அது இயல்பே. உறக்கம் கெட்டால், உணவு குறைந்தால், வாழ விருப்பமில்லை என்பது போன்ற சொல் எதுவும் வாயில் வந்தால், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். மருத்துவமனையில் சமூகநலப் பணியாளர் இருக்கிறார். அரசின் தாலியான் காசே தொலைபேசிச் சேவையை 15999 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இனி எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ஒரு தாய் நம்பிக்கையோடு வந்து இந்தச் செய்தியைச் சொன்னால், அது ஆசிரியர் அறைக்குள் நுழையக்கூடாது. தலைமையாசிரியர் உள்ளிட்ட எவரிடமும் அந்தத் தாயின் இசைவின்றி அது போகக்கூடாது. பக்கத்தில் அமர்வதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே குழாயில் நீர் குடிப்பதாலும், கட்டிப் பிடிப்பதாலும், கொசுக் கடியாலும் இந்தக் கிருமி பரவுவதில்லை. ஆகவே பள்ளி முழுவதும் அறிய வேண்டிய தேவை மருத்துவத்தில் இல்லை. திடலில் எந்தப் பிள்ளை விழுந்து காயப்பட்டாலும் கையுறை அணிந்தே இரத்தத்தைத் துடைப்பது என்று பழகிவிட்டால், எந்தப் பிள்ளையையும் தனியாக அடையாளம் காட்ட வேண்டியதில்லை. வகுப்பில் எச்.ஐ.வி. பாடம் வரும்போது, அந்தத் தொற்றுடைய பிள்ளை ஒன்று நம் எதிரில் அமர்ந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே பாடம் நடத்த வேண்டும். அப்படி எண்ணினால் நம் சொற்கள் தாமாகவே திருந்திவிடும்.

வாலிபப் பருவத்தில் வேறு வழிகளில் தொற்றுப் பெறும் இளையோரும் உண்டு. அவர்கள் செய்தியைப் பெரும்பாலும் மருத்துவரிடமே நேராகக் கேட்கிறார்கள். வீட்டில் சொல்லத்தான் அஞ்சுகிறார்கள். அங்கே சொல்ல வேண்டியவர் பிள்ளை, கேட்க வேண்டியவர் பெற்றோர். "எப்படி வந்தது?" என்ற விசாரணை பிறகு இருக்கட்டும், "மருந்து தொடங்கியாயிற்றா?" என்பது முதற்கேள்வியாக இருக்கட்டும்.

நேயர்களே, இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில், மருந்துப் புட்டியின் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு அலமாரியில் வைத்திருக்கும் தாய் ஒருத்தி இருக்கலாம். அவரிடம் நாங்கள் கேட்டுக்கொள்வது இது. அம்மா, அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, "என் பிள்ளையிடம் சொல்ல எனக்கு உதவி செய்யுங்கள்" என்று மருத்துவரிடம் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. இன்று இரவு மருந்து கொடுக்கும்போது, சத்து மாத்திரை என்று சொல்லாமல், "இது உன்னைக் காக்கும் மருந்து" என்று சொல்லுங்கள். அதுவே முதற்படி.